ராசாங்கத்தின் எருமையும் கொளஞ்சியப்பனின் வாயும்

மனைவி மேல் சந்தேகப்பட்ட ஆண்கள் உலகில் ஏராளம். எருமை மேல் சந்தேகப்பட்ட பெருமை வாலிகண்டபுரம் ராசாங்கம் ஒருவரையே சேரும்.

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டி, முதுகு போனதும் ஊரோடு வந்து சேர்ந்தவர் அவர். வந்தாரே தவிர, செல்போனை விட்டுத் தலை நிமிரவில்லை. எதிரே வருகிற மனிதர்கள் ஹாரன் அடிக்காததால் யார் வருகிறார்கள் என்றும் தெரியாது.

மகளுக்கு உடம்பு முடியவில்லையென்று மனைவி செங்கமலம் அரியலூர் போனதும், வீட்டு எருமையைக் கறப்பது அவர் தலையில் விழுந்தது. கன்றை ஊட்டவிட்டு, ஒரு கையில் காம்பும் மறு கையில் போனுமாக உட்கார்ந்தார். எருமை சுரப்பு விடவில்லை, சொட்டுப் பால் இறங்கவில்லை.

வாசலோடு போன பக்கத்து வீட்டுக் கொளஞ்சியப்பன் உள்ளே வந்து அதன் கழுத்தைச் சொரிந்தான். "என்ன ஆத்தா, தங்கச்சி செங்கமலம் இல்லன்னு மொகம் வாடிக் கெடக்க? ராவுல கொசு தூங்க வுட்டுச்சா?"

வாளி நுரைத்து நிறைந்தது. ராசாங்கத்துக்கு வயிறு எரிந்தது. தீனி போடுவது நான், கொஞ்சுவது இவனா?

செங்கமலத்திடம் போனில் முறையிட்டார்.

"நான் வெள்ளிக்கெழம வந்துடுறேன். அதுவரைக்கும் கொளஞ்சி அண்ணனே கறக்கட்டும். அது மனுசங்களுக்குத்தான் பால் வுடும்."

"அப்ப நான் யாரு?"

"அத எருமகிட்ட கேளுங்க."

வெள்ளிக்குள் கறந்து காட்டாவிட்டால், இனி ஆயுசுக்கும் குடிக்கிற காப்பியெல்லாம் 'எங்கண்ணன் கறந்தது' என்றுதான் வரும். ராசாங்கம் யோசித்தார். கொளஞ்சியின் கொஞ்சலைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்து, மறுநாள் எருமையின் காதருகே ஓடவிட்டார். அது ஆசையாகத் திரும்பிப் பார்த்தது, ஆளைக் காணோம். விட்ட உதையில் போன் கழுநீர்த் தொட்டிக்குள் போனது.

இரண்டு கையும் காலியான ராசாங்கம் எருமையின் விலாவில் நெற்றியை முட்டிக்கொண்டு பொருமினார். "அவன்ட்ட என்னத்தடி கண்ட? வெங்காயத்த நனையாம சேத்து வெக்க ஒழுங்கா ஒரு பட்டற போடத் தெரியாது, அத்தனையும் மழையில அழுவிப்போச்சு. அவனத்தான் ஊரே கூப்புடுது. என்னைய ஒரு காதுகுத்துக்காவது வந்து முன்னால நில்லுன்னு எவனாச்சும் சொன்னானா?"

எருமை காதை ஆட்டியது. மடியில் பால் இறங்கியது.

ஆனால் மறுநாள் அதே புலம்பலுக்கு அது அசையவில்லை. புதுச் சரக்கு தேவைப்பட்டது. கொளஞ்சியின் குற்றங்குறை தேடி ராசாங்கம் வீடு வீடாகப் போனார். குற்றம் கிடைக்கவில்லை. ஒருவரின் மூட்டுவலியும், இன்னொருவரின் மருமகள் சண்டையும், டீக்கடைக்காரரின் தூக்கமின்மையும்தான் கிடைத்தன. அத்தனையையும் எருமையிடம் கொட்டினார்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கிய செங்கமலம் கொட்டகை வாசலில் நின்றாள். உள்ளே ராசாங்கம் சிரிக்கச் சிரிக்கப் பேசிக்கொண்டிருந்தார். வாளி வழிந்தது. அவள் எருமையை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கட்டிக்கிட்டு வந்த நாளா எங்கிட்ட ஒரு பொழுதாவது இப்புடிப் பேசியிருக்கீங்களா?"

ராசாங்கம் காம்பிலிருந்து கையை எடுக்காமலே திரும்பினார்.

"கறந்தது போதும், எந்திரிங்க. மிச்சத்த எங்கிட்ட வந்து சொல்லுங்க."