மக்டலீனின் கார்ப் பாட்டு

தொண்ணூறாம் ஆண்டு மக்டலீன் கனடாவின் ஸ்காபரோவில் ஒரு பாண் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். சுட்டெடுத்த பாண்களைப் பையில் போடும் பகுதி. பக்கத்தில் நின்று வேலை செய்த ஷெர்லி கிழக்குக் கரைத் தீவான நியூஃபவுண்ட்லாந்துக்காரி. அவள் வைத்திருந்த றேடியோவில் நாள் முழுக்கக் கன்ட்ரி பாட்டுத்தான் ஓடும். ஆரம்பத்தில் மக்டலீனுக்கு அது யாரோ தடிமன் பிடித்து மூக்கால் பாடுவதுபோலக் கேட்டது. சொற்கள் பிடிபடத் தொடங்கியபோது காது தானாக அந்தப் பக்கம் திரும்பியது. விட்டுவந்த வீடு, வேலைக்குப் போன புருஷன், வழியில் நின்றுவிட்ட லொறி. எல்லாம் அவளுக்குத் தெரிந்த சங்கதிகள்.

மன்னாரில் கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தபோது பூசைக்குக் கிற்றார் வாசித்தவள் அவள். இங்கே ஒரு பழைய கிற்றாரை வாங்கி, சோறு அவியும் நேரத்தில் சமையலறைக் கதிரையில் இருந்து சொந்தமாகப் பாட்டுக் கட்டத் தொடங்கினாள். ஆங்கிலத்தில்தான். இலக்கணம் அவளுடையது.

“கலியாண வீடுகளிலை சினிமாப் பாட்டெல்லோ கேப்பினம். உதை ஆர் கேக்கப் போகினம்?” என்றார் அவள் கணவர் பேனாட்.

“நான் கலியாண வீட்டுக்கு எழுதேல்லை.”

“அப்ப ஆருக்கு?”

அதற்குப் பதில் ஷெர்லியிடம் இருந்தது. ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில் மக்டலீன் முணுமுணுத்ததைக் கேட்டுவிட்டு, டன்ஃபோர்த் வீதியில் ஒரு மதுச்சாலை இருக்கிறது, சனிக்கிழமை மத்தியானங்களில் சொந்தப் பாட்டுக்காரர் அங்கே மேடையேறலாம் என்றாள். மக்டலீன் தலையாட்டுவதற்கு முன்பே பெயரும் கொடுத்துவிட்டாள்.

அது தொண்ணூற்றாறு மாசி மாதம். பேனாட் தன் பழைய காரில் கூட்டிக்கொண்டு போனார். கதவு உள்ளே இருந்துதான் திறக்கும். ஆனால் அந்தக் காரை யாரும் குறை சொல்ல விடமாட்டார். மேடையை நடத்திய தாடிக்காரர் மக்டலீன் எந்த மாதிரிப் பாடுவாள் என்று விசாரித்துவிட்டு, இந்த வகைக்கு இப்போது அமெரிக்கானா என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்றார்.

“நாங்கள் கனடாவிலையெல்லோ இருக்கிறம்,” என்று அவள் பேனாட்டின் காதுக்குள் சொன்னாள்.

முப்பது பேர் வரையில் இருந்தார்கள். மக்டலீன் முதலில் எடுத்தது தன் பாட்டுகளிலேயே சோகமானது என்று அவள் நினைத்திருந்த பாட்டு. முந்திய வருடம் விட்பியில் ஒரு ஞானஸ்நான விருந்து முடிந்து திரும்பும்போது நெடுஞ்சாலையில் இதே கார் நின்றுவிட்டது. பனிக்குள் நின்று அவள் அழுதாள். அந்த அழுகையைத்தான் பாட்டாக்கியிருந்தாள். காரே, உனக்கும் இந்த நாடு பிடிக்கவில்லையா என்று முதல் அடி. புருஷன் எஞ்சின் மூடியைத் திறந்து பார்க்கிறார், மூடுகிறார், திரும்பவும் திறந்து பார்க்கிறார் என்று இரண்டாவது.

இரண்டாவது அடியில் யாரோ பலமாகச் சிரித்தார்கள்.

மக்டலீனுக்குக் காது சுட்டது. என்னுடைய இங்கிலிஷைக் கேட்டுத்தான் சிரிக்கினம் என்று நினைத்தாள். நிமிர்ந்து பார்த்தால், சிரிப்பது பேனாட். மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரிக்கிறார். அவரைப் பார்த்து ஷெர்லி சிரித்தாள், பிறகு முழு மதுச்சாலையும்.

அவர்கள் முகங்களில் இளக்காரம் இல்லை. ஒவ்வொருவரும் அப்படியொரு காரை எங்கோ தள்ளியிருக்கிறார்கள் என்பது அவளுக்கு விளங்கியது. அடுத்த முறை அந்த அடி வந்தபோது, ‘திரும்பவும் திறந்து’ என்ற இடத்தில் கிற்றாரை நிறுத்திவிட்டு, பேனாட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றாள். சிரிப்பு வெடித்தது. அது அடங்கும்வரை பொறுத்திருந்துவிட்டுத்தான் ‘பார்க்கிறார்’ என்றாள்.

சபையை இப்படிக் கையில் பிடிக்கலாம் என்று அவள் அன்றுதான் கண்டாள். அடுத்ததாக, மன்னாரில் தனியாக இருந்த தாயைப் பற்றி மெதுவான ஒரு பாட்டு. அதற்கு ஒரு கிளாஸ்கூடச் சத்தம் போடவில்லை. இறங்கப் போனவளைத் தாடிக்காரர் மறித்து, காரை இன்னொருமுறை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார்.

திரும்பிப் போகும்போது கேட்டாள், “ஏன் அப்பிடிச் சிரிச்சனீங்கள்? நான் சோகமா எழுதின பாட்டு.”

“நான் மூடியைத் திறந்து என்னத்தைப் பாத்தனான் எண்டு எனக்கே தெரியாதப்பா,” என்றார் பேனாட். “நீர் அதைக் கவனிச்சிருக்கிறீர்.”

அதற்குப் பிறகு மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவளுக்கென்றே ஒதுக்கப்பட்டது. ஷெர்லியின் நிலக்கீழ் அறையில் ஒரு கசற் பதிவு செய்தார்கள். மூன்றாவது பாட்டில் உடுப்புத் தோய்க்கும் மெஷினும் கேட்கும். பங்குக் கோயில் ஒன்றுகூடலில் அதே கார்ப் பாட்டைத் தமிழில் பாடினாள். புரியாணிச் சட்டிக்குப் பக்கத்தில் நின்ற தவமணி அன்ரி இரண்டாம் முறையே கூடப் பாடத் தொடங்கிவிட்டார்.

தொண்ணூற்றெட்டுக் கோடையில் பிறம்ரனில் ஒரு பூங்கா விழாவுக்கு அழைத்தார்கள். அன்றைக்கும் காலை வேலை முடிந்து, தலைமயிரில் மா ஒட்டியிருக்கத்தான் வந்திறங்கினாள். பேனாட் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

“முதல் எதைப் பாடப் போறீர்?”

“சனத்தைப் பாத்திட்டுச் சொல்லுறன்,” என்றாள் மக்டலீன்.