முனகல் சம்மதம்

கல்லூரியில் அவளுக்குப் பெயர் அடிக்குறிப்பு டீச்சர். மாணவர்கள் வைத்தது. கட்டுரையில் யாராவது மேற்கோள் காட்டிவிட்டுப் பக்க எண் போடாமல் விட்டால் போதும், பிலுபிலுவென்று பிடித்துக்கொள்வாள். தத்துவத் துறையில் பதினோரு வருஷமாகத் தற்காலிக ஆசிரியை. பதினோரு வருஷம் தற்காலிகம் என்றால் அந்தச் சொல்லுக்கே வெட்கமாக இருக்காதா? இந்த வருஷம் ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் ஆண்டு முடிந்ததும் வீட்டுக்குப் போகலாம் என்று நிர்வாகம் கறாராகச் சொல்லிவிட்டது.

கட்டுரை அவளிடம் இருந்தது. அரசியல் தத்துவம் எழுதுகிறவர்கள் ஒன்று, மக்கள் அரசுக்கு மனமொத்துக் கீழ்ப்படிவதைப் பற்றி எழுதுவார்கள். இல்லையென்றால் எதிர்த்துக் கிளம்புவதைப் பற்றி. திட்டிக்கொண்டே வரிசையில் நிற்கிறோமே, அதை ஏன் ஒருவரும் கண்டுகொள்ளவில்லை? இந்தக் கேள்வி அவளுக்கு வந்தது நூலகத்தில் இல்லை, சமையலறையில். கணவர் லிஃப்ட் மெக்கானிக். குப்பைக்கூடையை வெளியே வைக்கச் சொன்னால், "நான்தான் கிடைச்சேனா?" என்று முனகுவார். முனகிக்கொண்டே கொண்டுபோய் வைப்பார். அதற்கு அவள் 'முனகல் சம்மதம்' என்று பெயர் வைத்தாள். உடம்பு உன் சொல்லைக் கேட்கிறது, மனசு கேட்கவில்லை என்று அறிவிப்பதுதான் முனகல் என்பது அவள் வாதம்.

இதை முதலில் சொன்னது துறைத்தலைவியிடம். பெரிய பேராசிரியை, இவளுக்கு முதல் நாளிலிருந்தே அக்கா. மகளுக்குக் காய்ச்சல் என்றால் இவள் வகுப்பை அக்காதான் எடுப்பார். இவள் எழுதுவது எதுவானாலும் முதலில் அக்கா கண்ணுக்குத்தான் போகும். "மெயில்ல அனுப்பாதே, கண்ணு எரியுது. பிரிண்ட் எடுத்துக் குடு" என்பார். கொடுத்த தாள் ஒருநாளும் திரும்பி வந்ததில்லை. கூடப்பிறந்தவளிடம் ரசீதா கேட்பார்கள்?

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இன்னும் பழுக்கணும். இப்ப அனுப்பினா திருப்பித்தான் அனுப்புவாங்க," என்றார் அக்கா.

மூன்று வருஷம் பழுக்கப் போட்டாள், மண்டு. கெடு நெருங்கியதும் அக்காவிடம்கூடச் சொல்லாமல் ஆய்விதழுக்கு அனுப்பினாள். இரண்டே வாரத்தில் பதில் வந்தது. ஒப்புமை பார்க்கும் மென்பொருளில் போட்டார்களாம். போன மாதம் வெளியான ஒரு நூலோடு நூற்றுக்கு அறுபத்திரண்டு பங்கு ஒத்துப்போகிறதாம். எழுத்துத் திருட்டு என்று கல்லூரி முதல்வருக்கும் எழுதிவிட்டார்கள். நூலை எழுதியவர் அக்கா. புத்தகம் வரப்போவது இவளுக்குத் தெரியும். என்ன புத்தகம் என்று கேட்டபோது, "வந்தா பாரேன்" என்று சிரித்திருந்தார்.

புத்தகத்தை வாங்கி மூன்றாம் அத்தியாயத்தைப் பிரித்தாள். வரிக்கு வரி அவளுடையது. கணவர் எட்டிப் பார்த்தார்.

"அடப்பாவமே, என் குப்பைக்கூடையும் இதுல இருக்கே!"

"இருக்கு. உங்களைத்தான் பக்கத்து வீட்டுக்காரர் ஆக்கிட்டாங்க."

அவர் சிரித்துவிட்டார். அவள் நன்றியுரையைத் தேடிப் படித்தாள். தன் வீட்டு நாய்க்குக்கூட அக்கா நன்றி சொல்லியிருந்தார். இவள் பெயர் இல்லை.

மறுபடி அத்தியாயத்துக்குத் திரும்பியபோதுதான் பன்னிரண்டாம் அடிக்குறிப்பு கண்ணில் பட்டது. ஒரு பழைய நூலிலிருந்து மேற்கோள், பக்கம் 271. ஏதோ உறுத்த, அலமாரியிலிருந்து அந்த நூலை எடுத்துப் பார்த்தாள். மேற்கோள் இருந்தது 217இல். தன் கட்டுரையைப் புரட்டினாள். அதிலும் 271! எண்ணைப் புரட்டித் தட்டியது அவள் விரல்தான். பக்க எண்ணுக்காக ஊரையே உலுக்கியவள் செய்கிற வேலையா இது? ஆனால் வெட்கப்படத் தோன்றவில்லை, சந்தோஷத்தில் துள்ளிக் குதிக்காத குறை.

"மாட்டினாங்க!" என்றாள் கணவரிடம். "மூல நூலைத் திறந்து பார்த்திருந்தா இந்தத் தப்பு வராது. என் தாளைப் பார்த்துத்தான் எழுதியிருக்காங்க."

விசாரணை முதல்வர் அறையில் நடந்தது. எதிர் நாற்காலியில் அக்கா.

"இது உங்க எழுத்துதான்னு காட்ட, பழைய தேதியில ஏதாவது இருக்கா?" என்று முதல்வர் கேட்டார்.

துறைக் கணினியில்தான் தட்டியிருந்தாள். அதைப் போன வருஷம் கழித்துக் கட்டிவிட்டார்கள். பென்டிரைவில் இருப்பது இந்த வருஷத்துப் பிரதி.

"அக்கா, நீங்களே சொல்லுங்க. மூணு வருஷத்துக்கு முன்னாடி உங்க கையில குடுத்தேனா இல்லையா?"

"எத்தனையோ பேர் எத்தனையோ கொண்டு வராங்க," என்றார் அக்கா, மேசையைப் பார்த்தபடி.

இரண்டு பேருடைய பக்கங்களையும் மூல நூலையும் மேசைமேல் விரித்தாள். "இந்த 271 தப்பு. நான் பண்ணின தப்பு. அது எப்படி உங்க புத்தகத்துக்கு வந்துச்சு?"

முதல்வர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்றையும் நிதானமாகப் பார்த்தார்.

"அட, ஆமா. தப்புதான். அடுத்த பதிப்புல திருத்திடறேன்." பிறகு முதல்வர் பக்கம் திரும்பினார். "பாருங்க சார், என் தப்பையும் சேர்த்தே காப்பி அடிச்சிருக்கா. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?"

முதல்வர் தலையாட்டிக்கொண்டே எழுதினார். அடுத்த ஆண்டுக்கு அவளுக்கு வேலை இல்லை என்று அங்கேயே முடிவாயிற்று.

வராந்தாவில் அக்கா பின்னாலேயே வந்து தோளில் கை வைத்தார். "மனசைத் தளர விடாதே. புதுசா ஏதாவது யோசனை இருந்தா வீட்டுக்கு வா, பேசலாம்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்கத்தான் வாயைத் திறந்தாள். பாழாய்ப்போன பதினோரு வருஷப் பழக்கம், "சரிக்கா" என்றுதான் வந்தது.