ஹாலிஸ் காதுக்கு ஒரு சைலன்சர்

எங்கள் ஊரில் பிள்ளைக்குப் பதினாறு வயதானதும் ஒரு பழைய பிக்கப் வண்டியைப் பிடித்துக் கொடுத்துவிடுவார்கள். அடுத்த சனிக்கிழமையே அப்பனும் பிள்ளையும் எங்கள் பட்டறை வாசலில் வந்து நிற்பார்கள். பிள்ளைக்கு மலை அதிரும்படி சைலன்சர் வேண்டும். அப்பனுக்கு விலையும் குறைவாக வேண்டும், சத்தமும் குறைவாக வேண்டும். இரண்டு பேருக்கும் நடுவில் என் வீட்டுக்காரர் வெர்ன் திருதிருவென்று முழிப்பார். கல்லாவில் உட்கார்ந்து காலமெல்லாம் இந்தக் கூத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சத்தமாக வேண்டும் என்று கேட்ட ஒரே அப்பன் ஹாலிஸ் க்ராப்ட்ரீதான்.

"விலை கையைக் கடிக்கக் கூடாது வெர்ன். ஆனா நல்லா கேக்கணும். என் மக வீடு வந்து சேந்துட்டான்னு எனக்குத் தெரியணும்."

ஹாலிஸைச் சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரியும், அதனால் அவன் இவன் என்றுதான் எழுதுவேன். பள்ளிக்கூடத்தை விட்ட நாள் முதல் மர அறுவை மில்லில் பெரிய ரம்பத்துக்குப் பக்கத்தில் வேலை. பைன் மரத்தை அந்த ரம்பம் கடிக்கிற சத்தம் ஆற்றைத் தாண்டி எங்கள் பட்டறை வரைக்கும் வரும். அந்த நாளில் காதில் அடைப்பான் வைத்தவனை மற்றவர்கள் "பாப்பா" என்று கூப்பிடுவார்கள். அந்தக் கேலிக்குப் பயந்து வெறுங்காதோடு நின்றான். ஆம்பளைத்தனமாம்! கொண்டுபோய் ஆற்றில் போடுங்கள் அதை.

மனைவி லாட்டி புற்றுநோயில் போனபிறகு அவன் பேச்சும் குறைந்துவிட்டது. துக்கம் என்றுதான் ஊர் நினைத்தது. சர்ச்சில் கடைசி பெஞ்சில் உட்காருவான். எல்லோரும் சிரித்தால் சிரிப்பான், எழுந்தால் எழுவான். மகள் ரேலினுக்குத்தான் பொறுக்கவில்லை. "சுவத்துக்கிட்ட பேசலாம் மிஸ் நோரீன், எங்கப்பாகிட்ட பேச முடியாது" என்று என்னிடம் வந்து அழுதிருக்கிறாள். அம்மா போனதிலிருந்து அப்பாவுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று அந்தப் பெண் முடிவே கட்டியிருந்தாள்.

படத்தைப் பார்த்துச் சைலன்சர் வாங்குவது வெர்னுக்குப் பிடிக்காது. ஏற்கெனவே வேறு வேறு சைலன்சர் மாட்டிக்கொண்டுபோன பையன்களை வண்டியோடு கூப்பிட்டு, பட்டறை முன்னால் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவரையும் ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொல்வார். கேட்டுப் பிடித்ததை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். பையன்களுக்குக் கொண்டாட்டம். அவர்களுக்கு ரொட்டியும் குழம்பும் செய்து கொட்டுவது என் தலையெழுத்து.

அன்றைக்கும் மூன்று வண்டிகள் வந்தன. கோல்ட்டன் என்ற வாயாடிப் பையன் தொடங்கிவைத்தான்.

"ஏ ரேலின், உனக்கு எதுக்கு சைலன்சர்? நீ ஜன்னலைத் திறந்து பேசினாலே போதுமே!"

"உன் வண்டி கொசு தும்முற மாதிரி இருக்கு. முதல்ல அதைப் பாருடா."

முதல் வண்டியில் இருந்தது விலை மலிவான குழாய். தகரத்தைக் கிழிக்கிற மாதிரி அலறியது. நான் காதைப் பொத்திக்கொண்டேன். ஹாலிஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ரொம்ப ஜாஸ்தி" என்றான். இரண்டாவது வண்டிக்கு வெர்ன் முகத்தைப் பார்த்துவிட்டு, "சுமார்" என்றான். மூன்றாவது கோல்ட்டனுடையது. அந்த நேரம் பார்த்து ஹாலிஸ் புகையிலையைத் துப்புவதற்காக மலைப்பக்கம் திரும்பியிருந்தான். கோல்ட்டன் சாவியைத் திருகினான். பாட்டரி செத்துப்போயிருந்தது. 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

"இது நல்லா இருக்கு. இதையே போட்டுரு வெர்ன்" என்றான் ஹாலிஸ், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே.

பையன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "வண்டியே கிளம்பல மிஸ்டர் ஹாலிஸ்!" என்று கோல்ட்டன் கத்தினான். ஹாலிஸ் மலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ரேலின் சிரிக்கவில்லை. மெல்ல நடந்துபோய் அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு முழ தூரத்தில் நின்றாள்.

"அப்பா."

அவன் திரும்பவில்லை.

"அப்பா, நம்ம வீடு தீப்பிடிச்சிருச்சு."

தலைகூட அசையவில்லை. பையன்களின் சிரிப்பு நின்றுவிட்டது.

வெர்ன் போய்த் தன் இழுவை லாரியைக் கிளப்பினார். அடிவயிற்றிலிருந்து உறுமுகிற பழைய டீசல் வண்டி அது. ஹாலிஸ் சடாரென்று திரும்பினான். முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. "அது! அந்தச் சத்தம்!" என்றான். பிறகுதான் மகள் தனக்கு எதிரே நிற்பதையும் அவள் அழுவதையும் கண்டான். தன் காது ரகசியம் உடைந்துபோனது அவனுக்கு விளங்கிவிட்டது.

கனத்த சத்தம் மட்டும்தான் அவனுக்கு மிச்சம் இருந்தது. மெல்லிய குரல்களை ரம்பம் எப்போதோ தின்றுவிட்டது. மில்லில் வருஷத்துக்கு ஒருமுறை காதைச் சோதிக்கும் நர்ஸ் மெஷினை அழுத்தும்போது அவள் தோள் அசைவதைப் பார்த்து, சத்தம் கேட்டதுபோல் கையைத் தூக்கியே வேலையைக் காப்பாற்றி வந்திருக்கிறான், திருட்டுப்பயல். பேசுபவர்களின் உதட்டைப் பார்த்துத்தான் அவனுக்குப் பேச்சே. அடுத்த வாரம் வெர்ன் வற்புறுத்தி டாக்டரிடம் கூட்டிப்போனார். நரம்பே போய்விட்டது, காதுமெஷின் வைத்தும் பிரயோஜனமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

டாக்டரிடம் போய்வந்த அன்று சாயங்காலம் ரேலின் எங்கள் சமையலறையில் உட்கார்ந்திருந்தாள்.

"மிஸ் நோரீன், போன வருஷம் ஒரு நாள் கோவத்துல, அம்மாவுக்குப் பதிலா நீ செத்திருக்கலாம்னு அவர் முதுகுக்குப் பின்னால கத்தினேன். அவருக்குக் கேட்டிருக்காது, இல்ல?"

"கேட்டிருக்காது கண்ணு."

அவள் மூச்சை விட்டாள். பிறகு முகம் மறுபடி கோணியது. "ஆனா தினம் வாசக்கதவைச் சாத்திக்கிட்டே 'வரேன்ப்பா, உன்னை ரொம்பப் பிடிக்கும்ப்பா'ன்னு சொல்லிட்டுத்தானே போவேன். அதுவும் கேட்டிருக்காதே?"

அவளைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன்.

அந்தக் கனத்த சத்தம் தருகிற சைலன்சர் புதிதாக வாங்கினால் ஹாலிஸுக்குத் தாங்காது. வெர்ன் பழைய வண்டிகள் கிடக்கும் காயலான் கடையெல்லாம் அலைந்து, செத்துப்போன ஒரு பண்ணை லாரியிலிருந்து ஒரு பெரிய சைலன்சர் பெட்டியைக் கழற்றிவந்து வெல்டிங் வைத்தார். கூலிக்கு ஹாலிஸ் மான்கறி கொண்டுவந்து போட்டான். ரேலின் வண்டிக்கடியில் அந்தப் பெட்டி பன்றி தொங்குவதுபோல் இருந்தது. "எருமை வருது, வழி விடுங்க" என்று பள்ளிக்கூடத்தில் பையன்கள் கேலி செய்தார்கள். ரேலின் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்தக் குளிர்காலம் அவர்களுக்கு நல்ல காலம். அவர்கள் வீடு எங்கள் வீட்டுக்கு எதிரில்தான். ஆற்றுப் பாலத்தில் ரேலின் வண்டி ஏறும்போதே ஹாலிஸ் ஜன்னலுக்கு வந்துவிடுவான். அவள் உள்ளே நுழையும்போது கெளுத்தி மீன் எண்ணெயில் பொரிந்துகொண்டிருக்கும். இரண்டு பேரும் நேருக்கு நேர் உட்கார்ந்து, அவன் அவள் உதட்டைப் பார்க்க, சாப்பிடுவார்கள்.

மறுவருஷம் அவனுக்குக் காது கேட்காததை மில்லில் கண்டுபிடித்துவிட்டார்கள். ரம்பத்திலிருந்து எடுத்து மரத்தூள் கூட்ட விட்டார்கள். அதைவிடக் கொடுமை, ஜன்னலுக்கு அவன் வருவது குறைந்தது. முதலில் வண்டி வாசலுக்கு வந்தபிறகு வந்தான். அப்புறம் வருவதே இல்லை.

வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை ரேலின் வண்டியைப் பட்டறைக்குள் விட்டாள். பக்கத்து இருக்கையில் ஹாலிஸ்.

"மிஸ்டர் வெர்ன், வண்டியோட வந்த பழைய சைலன்சர் இருந்தா அதையே போட்டுருங்க."

"ஏம்மா, ஒழுகுதா?"

"இல்ல. கிட்ட போய்த் தோளைத் தொட்டாத்தான் நான் வந்தது அவருக்குத் தெரியுது. ஊரை எழுப்பிக்கிட்டு யாருக்காக ஓட்டணும்?" அப்பாவுக்கு உதடு தெரியாதபடி முகத்தை எங்கள் பக்கம் வைத்துக்கொண்டு சொன்னாள். "சைலன்சர் பிடிப்பு தளர்ந்துருக்கு, நீங்க முடுக்கித் தர்றீங்கன்னு அவர்கிட்ட சொல்லிருக்கேன்."

அப்பனும் மகளும் என்னோடு உள்ளே காப்பி குடித்து முடிப்பதற்குள் வெர்ன் பெட்டியைக் கழற்றி, பழையதை மாட்டினார். கிளம்பும்போது ரேலின் எஞ்சினைப் போட்டாள். தையல் மெஷின் அளவுக்குத்தான் சத்தம். ஹாலிஸ் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, காது கேட்காதவர்களுக்கே உரிய அந்தப் பெரிய குரலில் கேட்டான்.

"என்னா வெர்ன், நம்ம எருமை இன்னும் நல்லா உறுமுதா?"

வெர்ன் கையைத் துடைத்துக்கொண்டு அவன் முகத்துக்கு நேராகப் போய் நின்று, உதடு நன்றாகத் தெரியும்படி சொன்னார்.

"மலையே அதிருது, ஹாலிஸ்."