பரணில் பிறந்த கழுகுக்குஞ்சு

ஹோபர்ட் காடிலுக்குப் பறவைகளைத் தெரியும் என்பது கென்டக்கியில் அந்த மலையடிவாரம் முழுக்கத் தெரிந்த விஷயம். தெரியாதவர்களுக்கு அவரே சொல்லிவிடுவார். தீவனக் கடையில் யாராவது பெரிய கறுப்புப் பறவை ஒன்றைக் கூரைமேல் பார்த்ததாக வாயெடுத்தால் போதும். "வால் எப்படி இருந்துச்சு? ஆப்பு மாதிரியா, விசிறி மாதிரியா?" என்று குடைந்தெடுத்து, அண்டங்காக்கையா சாதாரணக் காக்கையா என்று தீர்ப்புச் சொன்ன பிறகுதான் மூட்டையைத் தூக்குவார்.

வசந்தத்தில் பக்கத்துப் பண்ணை நெல்டாவும் அவரைத்தான் கூப்பிட்டார். நெல்டாவின் வைக்கோல் பரணில் ஒரு ஜோடிப் பிணந்தின்னிக் கழுகுகள் குடியேறியிருந்தன.

"விரட்டிடவா ஹோபர்ட்? பயமா இருக்கு."

"அட, இதுல ரெண்டு சாதி இருக்கு. இது செந்தலை. செத்ததைத்தான் தின்னும். கன்னுக்குட்டிய உயிரோட கொத்துறவன் கருந்தலை. இறக்கைக்கு அடியில பாரு. செந்தலைக்கு ஓரம் முழுக்க வெள்ளியா ஓடும், அவனுக்கு நுனியில மட்டும்தான். குஞ்சைப் பாத்துக் குழம்பிடாத, மொத வருஷம் அதுக்கும் தலை கறுப்பாத்தான் இருக்கும்."

நெல்டா விரட்டவில்லை. கோடை முழுக்கப் பரணேறி ஒற்றைக் குஞ்சைப் பார்த்தார். அது தன் செருப்பின்மேல் வாந்தியெடுத்ததைக்கூடப் பேரப்பிள்ளையின் குறும்பைப் போலத் தேவாலயத்தில் சொல்லிச் சிரித்தார்.

செப்டம்பரில் ஹோபர்ட்டின் மாடுகள் கன்று போட்டன. கருந்தலைகள் கூட்டமாய் இறங்கி, பிறந்து எழக்கூட முடியாத ஒரு கன்றின் கண்ணைக் கொத்திவிட்டன. கன்று பிழைக்கவில்லை. அவருக்கு ஆத்திரம் அடங்கவில்லை. கருந்தலையைச் சுட அரசிடம் அனுமதி வாங்கி வைத்திருந்தார். மறுநாள் வேலிக்கம்பத்தில் கறுப்புத் தலையோடு ஒன்று உட்கார்ந்திருந்தது. சுட்டார். அந்தப் பக்கத்து வழக்கப்படி காலைக் கட்டிக் கொட்டகை முகப்பில் தலைகீழாகத் தொங்கவிட்டார். செத்ததைக் கண்டால் மற்றவை அண்டாது.

மத்தியானம் காற்று வீசியது. தொங்கிய பறவையின் இறக்கை விரிந்தது. ஓரம் முழுக்க வெள்ளி.

இறக்கையைப் பார்க்காமல் சுட்டது ஊரில் வேறு யாராக இருந்தாலும் ஹோபர்ட் ஒரு மாதம் தீவனக் கடையில் வைத்துக் கிழித்திருப்பார்.

அவிழ்க்க ஏணியை எடுப்பதற்குள் நெல்டாவின் வண்டி வாசலில் நின்றது. காற்று ஓய்ந்து இறக்கை மடங்கியிருந்தது.

"கருந்தலைதானே அது?"

"ஆமா," என்றார் ஹோபர்ட்.

"நல்ல வேளை. நம்ம குஞ்சு காலையிலேருந்து பரணுக்கு வரல. ஆத்தாளும் அப்பனும் கூரையிலயே உட்கார்ந்திருக்கு. உன் பக்கம் வந்தா அவசரப்பட்டுச் சுட்டுடாதன்னு சொல்ல வந்தேன். பைத்தியக்காரி, உனக்குப் போய்ச் சொல்றேன் பாரு!" சிரித்துக்கொண்டே ஒரு கூடைத் தக்காளியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தச் சிரிப்புதான் அவரைக் கொன்றது. கூடையை வீட்டுக்குள் கொண்டுபோகவும் கூசியது. பறவையை இறக்கிச் சாக்கில் சுற்றிக்கொண்டு நெல்டாவின் வீட்டுக்கு நடந்தார்.

"கருந்தலை இல்ல நெல்டா. நம்ம குஞ்சு."

நெல்டா சாக்கை விலக்கி, அவர் சொல்லிக்கொடுத்தபடியே இறக்கையைத் தூக்கி அடியில் பார்த்தார்.

"ஆத்திரத்துல சுட்டுட்ட. அது எனக்குப் புரியுது. கொஞ்சம் முன்னாடி என் மூஞ்சியப் பாத்து ஆமான்னியே, அது எதுக்கு?"

ஹோபர்ட் மண்வெட்டிக்குக் கை நீட்டினார்.

நெல்டாவே குழி தோண்டினார். மண்வெட்டியை அவரிடம் கொடுக்கவில்லை.

அடுத்த வாரம் தீவனக் கடையில் ஒருவன் சன்னலுக்கு வெளியே கைகாட்டினான். "ஹோபர்ட், அந்தக் கம்பத்து மேல கறுப்பா இருக்கே, அது என்ன?"

கடையே அவர் தீர்ப்புக்குக் காத்திருந்தது. வரிசையில் நெல்டாவும் நின்றிருந்தார்.

"நெல்டாவக் கேளு," என்று சொல்லிவிட்டு, மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார் ஹோபர்ட்.