மலைக்கோட்டையிலிருந்து ஒரு போன்

திருச்சி மலைக்கோட்டை உச்சியில் காற்று வேட்டியைப் பிடுங்குகிறது. ஏறி வந்தவர்களெல்லாம் தெற்கே நின்று நகரத்தைப் படமெடுக்கிறார்கள். நான் வடக்கே, காவிரியைப் பார்த்து நிற்கிறேன்.

வெள்ளரிப் பிஞ்சு விற்கும் அம்மா கேட்கிறார்: "எல்லாரும் அந்தப் பக்கம் நிக்கிறாங்க, இங்க என்னங்க பாக்குறீங்க?"

"தண்ணியத்தான். மேட்டூர் தொறந்தாச்சுன்னு பேப்பர்ல போட்டிருக்கான். போன வருசம் அதை நம்பி விதைநெல்ல ஊறப்போட்டோம். தண்ணி வரல. மொளைச்ச நெல்லு வீணாப் போச்சு."

"காலையில மணலாத்தான் கெடந்துச்சு. இப்பப் பாலத்துக்கிட்ட பாருங்க."

பாலத்தின் கீழே, மணலை நனைத்தபடி பழுப்புத் தண்ணீர் தூண்களைச் சுற்றிக் கிழக்கே நகர்கிறது. பூதலூரில் இருக்கும் மனைவிக்குப் போன் போட்டு, தண்ணீர் வந்துவிட்டது என்கிறேன்.

"மறுபடியும் பேப்பர் சேதியா?"

"இல்ல. கண்ணால பாக்குறேன். ஊறப்போடு."

போனில் விதைநெல் சாக்கை இழுக்கும் சத்தம் கேட்கிறது.