பொட்டு வைத்த பெட்டி

எங்கள் வீட்டில் கிரைண்டருக்குப் பக்கத்தில்தான் என் பழைய சிந்தசைசர், கீபோர்டு மாதிரிக் கட்டை வைத்த பெட்டி, இருக்கிறது. வேறு இடம் இல்லை. மாவு தெறிக்காமல் இருக்க மேலே ஒரு பழைய சேலையைப் போட்டு மூடி வைத்திருப்போம். புதிதாக வருகிறவர்கள் தையல் மெஷின் என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் தலையாட்டிவிடுவேன். விளக்கிச் சொல்ல எனக்கு வாய் வராது.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். மைக்செட்டுக் கடைக்கு வயர் சுற்றப் போனேன். மேடையில் கீபோர்டு வாசிக்கிறவர் சாப்பிடப் போகும் நேரமெல்லாம் கட்டைகளைத் தொட்டுத் தொட்டுப் பழகினேன். கடைசியில் அதுவே பிழைப்பாகிவிட்டது. கூடலூரிலிருந்து சின்னமனூர் வரை எந்தக் கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் கச்சேரிக் குழுவோடு போய் வாசித்துவிட்டு வருவேன். கூச்சக்காரனுக்கு ஏற்ற வேலை. ஜனங்கள் பாடுகிறவர்களைத்தான் பார்ப்பார்கள். பெட்டிக்குப் பின்னால் குனிந்திருப்பவனை யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

கச்சேரிக் கீபோர்டில் எல்லாம் தயாராக இருக்கும். பட்டனை அழுத்தினால் புல்லாங்குழல், இன்னொன்றை அழுத்தினால் வயலின். இந்தப் பழைய பெட்டி அப்படி இல்லை. குமுளியில் ரெக்கார்டிங் அறை வைத்திருந்த ஒரு மலையாளி, அறையைக் காலி செய்துவிட்டு மகனோடு இருக்கப் போனபோது எனக்குக் கொடுத்தது. ஜீப்பில் ஏற்றும்போது, "சூடாவட்டே, பின்னே பாடும்" என்றார். அவ்வளவுதான் அவர் கற்றுக்கொடுத்தது. அது உண்மைதான். போட்டவுடன் சுருதி நிற்காது, நழுவிக்கொண்டே இருக்கும். அரைமணி நேரம் சூடேறினால்தான் ஒரு நிலைக்கு வரும். ஒரு நேரத்தில் ஒரு கட்டைதான் பேசும். இரண்டை அழுத்தினால் ஒன்று வாயை மூடிக்கொள்ளும்.

அதில் எந்தச் சத்தமும் ரெடியாகக் கிடையாது. முகப்பு முழுக்கத் திருகுகள். ஒன்றைத் திருகினால் சத்தம் மேலே ஏறும், இறங்கும். இன்னொன்று வயல் மடைக்குப் போடும் பலகை மாதிரி. திறந்தால் சத்தம் பளிச்சென்று பாயும். மூட மூட, கூர்மையெல்லாம் நின்றுபோய் அடிச்சத்தம் மட்டும் கசியும். அதற்கு இங்கிலீஷில் ஏதோ பேர் எழுதியிருக்கிறது. எனக்கு அது மடைத் திருகுதான். ஒரு நாள் முழுக்க அதை மட்டும் திறந்து மூடிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

கண்டுபிடித்த சத்தத்தை அது ஞாபகம் வைத்துக்கொள்ளாது. திருகு எங்கே நின்றது என்று நாம்தான் அடையாளம் வைக்க வேண்டும். பேனாக் கோடு அழிந்துவிடுகிறது. அதனால் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் என் மனைவியின் ஸ்டிக்கர் பொட்டுகளை எடுத்துத் திருகுகளைச் சுற்றி ஒட்ட ஆரம்பித்தேன். அவள் அந்தப் பெட்டிக்கு 'மூத்தவ' என்று பேர் வைத்தது அப்புறம்தான்.

"எனக்கு வாங்குன பொட்டெல்லாம் மூத்தவளுக்கு வச்சு விடுறீக. பூவும் வாங்கிக் குடுத்துருங்க."

ஜெயமங்கலத்தில் கட்டிக்கொடுத்த எங்கள் மகள் போனில் ஆர்டர் போட்டு, சோற்று டப்பா அளவில் புதுக் காலத்துச் சிந்தசைசர் ஒன்றை எனக்கு வரவழைத்துக் கொடுத்தாள். பேட்டரியில் ஓடும். சத்தத்தை நம்பர் போட்டுச் சேமித்து வைத்துக்கொள்ளும். சுருதி மயிரிழை நகராது. என் மனைவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது இளையவளா? அப்ப நான் நடுவுலவளா?" என்றாள்.

அவள் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவள். கூடலூரில் விடியுமுன்னே ஜீப்புகள் கிளம்பிவிடும். பெண்களை ஏற்றிக்கொண்டு குமுளி மலையேறித் தோட்டங்களுக்குப் போய், சாயங்காலம் கொண்டுவந்து இறக்கும். ஜீப் தெருவுக்குள் வராது. ரோட்டு முக்கில் நின்று ஹாரன் அடிக்கும். ஒவ்வொரு ஜீப்புக்கும் ஒரு ஹாரன், ஒவ்வொரு டிரைவருக்கும் ஓர் அடி. பெண்கள் வீட்டுக்குள் தூக்குவாளியோடு காத்திருந்து, தங்கள் ஹாரன் கேட்டதும் ஓடுவார்கள். கேட்டு ஓடிவராதவர்களுக்காக ஜீப் நிற்காது. தோட்டத்தில் நேரத்துக்கு நிற்க வேண்டுமே.

அந்த ஜீப்பில் டிரைவருக்குப் பின்னால் ஓரத்து இடம் என் மனைவிக்கு. கல்யாணமாகி வந்த சில வருஷத்திலிருந்து அதே பெண்களோடு போகிறாள். ஊர்க்கதை, சிரிப்பு, சண்டை, குழம்பு மாற்றிக்கொள்வது எல்லாம் அந்த ஜீப்புக்குள்தான். என்னோடு அவள் என்ன பேசிவிட முடியும்? நான் பாதி நாள் பேசாதவன். மீதி நாள் பெட்டியோடு இருப்பவன்.

பழைய டிரைவர் வண்டியை விற்றுவிட்டார். புதிதாக ஒரு தம்பி வேறு ஜீப்போடு வந்தார். கல்யாணமானவர், கலகலப்பானவர். அந்த வண்டியின் ஹாரன் மெலிசாக, குருவி கீச்சிடுவது போல இருக்கும். அது வந்த பிறகு என் மனைவி ஜீப்பைத் தவறவிட ஆரம்பித்தாள். தூக்குவாளியை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருப்பாள். ஜீப் போயிருக்கும். நான் பின்கட்டில் குளித்துக்கொண்டோ கச்சேரி முடிந்து வந்து தூங்கிக்கொண்டோ இருந்திருப்பேன். "இன்னைக்கு ஹாரனே அடிக்கல அவன்" என்பாள்.

இன்னொரு தடவை விட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆளை ஏற்றிவிடுவேன் என்று, வேலைக்கு ஆள் கூட்டிப்போகும் கங்காணி அம்மாள் சொல்லிவிட்டார். மறுநாளிலிருந்து இவள் சாரலில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு முன்னாலேயே முக்கில் போய் நின்றாள். ஒரு நாள் பனி மூட்டத்தில், படுதா இறக்கிவிட்ட ஜீப் ஒன்று நிற்க, அவசரமாக ஏறி உட்கார்ந்துவிட்டாள். அது வேறு தோட்டத்து ஜீப். மேலே போய் வெளிச்சம் வந்த பிறகுதான் சுற்றியிருந்த முகங்களைப் பார்த்திருக்கிறாள். இறங்க வழியில்லாமல் அன்றைக்கு அங்கேயே காய் எடுத்துவிட்டு வந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜீப்புக் கூட்டாளிகள் இரண்டு பேர் வீட்டுக்கே வந்து கிண்டல் பண்ணினார்கள்.

"ஏ மதினி, அந்தத் தோட்டத்துக்கு யாருக்குப் பொண்ணு கேட்டுப் போனீக?"

"அங்கன மோரு நல்லாருக்கும்னாக. அதான் போனேன்."

"அண்ணே, இவுகளுக்குக் கழுத்துல ஒரு அட்டையக் கட்டி விடுங்க. எந்த ஜீப்புன்னு எழுதி."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும்தான். அவர்கள் போன பிறகு, கழுவி வைத்த டம்ளர்களையே மறுபடி எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் மூத்தவளைச் சூடேற்றிவிட்டு, ஏதாவது விசில் சத்தம் வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எனக்கு நேரே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நான் ஏற்றிய சத்தத்தில் எனக்கே காது கூசியது. வெளியே நாய் குரைத்தது. அவள் பூண்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. குக்கர் விசில் சரியில்லை, சாதம் அடிப்பிடிக்கிறது என்று கொஞ்ச நாளாக அவள் சொல்லிக்கொண்டிருந்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது. குக்கரில் ஒரு குறையும் இல்லை.

மெதுவாகத் திருகை இறக்கினேன். பழைய பெட்டியில் சத்தம் படிப்படியாக இறங்காது, சரிவில் தண்ணீர் போல வழுக்கிக்கொண்டு வரும். வந்தது, வந்தது. ஓரிடத்தில் அவள் தலையைத் தூக்கினாள்.

"என்ன, லாரியா வருது?"

"ம்" என்றேன். அந்த இடத்தில் ஒரு பொட்டை ஒட்டினேன்.

அதற்குப் பிறகு விளையாட்டுப் போல அவள் வேலையாக இருக்கும்போது ஒன்று வாசிப்பேன். திரும்பினால் பொட்டு. திரும்பாவிட்டால் இல்லை. மடையை மூடி வைத்துப் பார்ப்பேன், திறந்து பார்ப்பேன். கனத்த சத்தம் அவளுக்கு நன்றாகக் கேட்டது. மேலே போகப் போக ஒன்றுமில்லை. கேட்கும் இடம் எதுவரை என்று கடைசியில் எனக்குப் பிடிபட்டது. அதை அவளிடம் எப்படிச் சொல்வதென்றுதான் தெரியவில்லை.

அவளே சொன்னாள். நான் ஒரு வளைகாப்புக் கச்சேரிக்குப் போய்விட்டு மத்தியானம் வந்தபோது பெட்டியின் சேலை விலகியிருந்தது. தொட்டேன். சூடாக இருந்தது.

"பொட்டு ஏன் ஒரு பக்கமாவே ஏறுதுன்னு பாத்தேன்" என்றாள். "நீங்க செய்யிற மாதிரி கட்டைய அமுக்கிட்டுத் திருகுனேன். பொட்டு இருக்குற வரைக்கும் கேக்குது. அதத் தாண்டுனா பெட்டி செத்துப் போச்சு. பெட்டி சாகலன்னு எனக்குத் தெரியும். மேல இருந்த டம்ளரு ஆடிக்கிட்டே இருந்துச்சு."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஒளிஞ்சு ஒளிஞ்சு கேக்க வேண்டாம். எனக்குக் கீச்சுன்னு இருக்குறது எதுவும் கேக்கல. காய்ப்பு முடியட்டும், தேனிக்குக் காது டாக்டருகிட்டப் போவோம். ஆனா ஜீப்புல யாருக்கும் தெரியக்கூடாது. மலைச்சரிவுல கேக்காத ஆள ஏத்த மாட்டாக. வீட்டுல உக்காருன்னுருவாக. நான் இங்கன உக்காந்து என்ன செய்வேன், சொல்லுங்க?"

யாரிடமும் சொல்லாமல் ஹாரனை மாற்ற வேண்டும். அதற்கு அந்த டிரைவர் தம்பியிடம் நான் பேச வேண்டும். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதுகூட எனக்கு அவ்வளவு வியர்க்கவில்லை.

முதலில் மூத்தவளில் இருந்த சத்தத்தை இளையவளுக்கு மாற்றினேன். பெரிய பெட்டியை ஹாரன் வாங்கும் கடைக்குத் தூக்கிப் போக முடியாதே. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒன்றை வாசித்து, மற்றதைத் திருத்தி, மறுபடி வாசித்து. சின்னது எல்லாவற்றையும் சுத்தமாகச் செய்தது. ஆனால் ரொம்பச் சுத்தம். பெரியதில் ஒரே கட்டைக்குள் இரண்டு குரல்கள் லேசாக ஒன்றோடொன்று ஒட்டாமல் உரசும். அந்த உரசலில்தான் அவள் தலையைத் தூக்கினாள். சின்னதிலும் ஒரு குரலைக் கொஞ்சம் சுருதி தப்ப வைத்த பிறகு சத்தம் வந்து சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை டிரைவர் தம்பி ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தார். போய் நின்றேன். அவர் பானட்டைக் கழுவி, சக்கரத்துக்கு வரும் வரை நின்றேன்.

"என்னண்ணே?"

"ஹாரன்" என்றேன். "சுருதி சரியில்லை. தெனமும் விடியக்காலம் கேக்க முடியல. மாத்தணும். செலவு என்னோடது."

அவர் பக்கெட்டைக் கீழே வைத்தார். "ஹாரனுக்குமாண்ணே சுருதி பாப்பீக? அடுத்து இஞ்சினுக்குத் தாளம் கேப்பீகளோ?" என்று சிரித்தார். ஆனாலும் வண்டியை எடுத்தார்.

கம்பத்தில் பழைய வண்டிச் சாமான் கடையில் ஹாரன்கள் ஒரு குவியலாகக் கிடந்தன. கடைக்காரர் ஒவ்வொன்றாகப் பேட்டரியில் தொட்டு அடித்துக் காட்டினார். நான் பையிலிருந்து இளையவளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் என் சத்தத்தை வாசித்துப் பார்த்தேன். போகிற வருகிறவர்கள் கூடிவிட்டார்கள்.

"என்னய்யா, ஹாரனுக்கு மாப்பிள்ளை பாக்க வந்தீகளா? ஜாதகம் பொருந்துதா?" என்றார் கடைக்காரர்.

வேறு நாளாக இருந்தால் பையை மூடிக்கொண்டு ஓடியிருப்பேன். அன்றைக்கு நின்றேன். அடியில் கிடந்த லாரி ஹாரன் ஒன்று, ஒரு பக்கம் நசுங்கியது, அடித்ததும் என் கையிலிருந்த சத்தத்தோடு வந்து உட்கார்ந்தது. நசுங்கல்தான் அந்த உரசலைக் கொடுத்தது என்று நினைக்கிறேன்.

மாட்டி முடித்து ஒரு தடவை அடித்துப் பார்த்துவிட்டு, டிரைவர் தம்பி என்னைப் பார்க்காமல் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"இது அக்காவுக்குக் கேக்குமாண்ணே?"

நான் இளையவளைப் பையில் வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினேன்.

"ஜீப்புக்குள்ள எல்லாருக்கும் தெரியும். பாட்டுப் போட்டா அக்கா மேளம் வரும்போது மட்டும்தான் தலைய ஆட்டுவாக. சரிவுல வேலைன்னா ஒருத்தரு பக்கத்துலயே நிப்பாக. ஏதாவதுன்னா தோளத் தொட்டுருவாக. கங்காணி அம்மா காதுல மட்டும் போடல. அக்கா மறைக்கிறதால நாங்களும் கேக்கல. கிண்டல் பண்ணாம இருந்தா சந்தேகப்படுவாகன்னு கிண்டலும் பண்ணிக்கிட்டுக் கெடக்கோம்."

வரும் வழியெல்லாம் நாங்கள் பேசவில்லை. எனக்குப் பழகிய மௌனம்தான். ஆனால் அன்றைக்கு அதில் இரண்டு பேர் இருந்தோம்.

காய்ப்பு முடிந்து அவள் டாக்டரிடம் போனதும், காதில் மெஷின் மாட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறியதும், கங்காணி அம்மாள் அதைப் பார்த்துவிட்டுச் சரிவில் வேண்டாம், சமதரையில் காய் எடு என்றதும் பிறகு நடந்தவை. ஜீப் இரைச்சலில் மெஷின் கத்துகிறது என்று ஏறியதும் அதைக் கழற்றித் தூக்குவாளியில் போட்டுக்கொள்வாள். நான் இப்போது இதையெல்லாம் எழுதுவது அவளுக்குத் தெரியும். மூத்தவளைப் பற்றிக் கூட்டி எழுதக்கூடாது என்று மட்டும் சொல்லியிருக்கிறாள்.

நான் எழுத நினைத்தது அந்தத் திங்கட்கிழமையைப் பற்றித்தான். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. டிரைவர் தம்பி சொன்னதையும் சொல்லவில்லை. அவள் தூக்குவாளியை மூடி, சாக்கை எடுத்துக்கொண்டு முக்கில் போய் நிற்கக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "சாரலு அடிக்குது. இரேன்" என்றேன். என்ன நினைத்தாளோ, கதவோரம் உட்கார்ந்தாள். நான் கிரைண்டருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

ரோட்டு முக்கில் ஹாரன் அடித்தது. கனமாக, கொஞ்சம் உரசலாக.

அவள் தலையைத் தூக்கினாள். உடனே எழவில்லை. சேலை போட்டு மூடியிருந்த பெட்டியைப் பார்த்தாள். அது அணைந்துதான் கிடந்தது. என்னைப் பார்த்தாள். மறுபடியும் ஹாரன் அடித்தது.

"மூத்தவ கூப்புடுறா" என்று சொல்லிவிட்டு, தூக்குவாளியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.