மரியாதைக்கு எழுந்தவர்கள்

யுத்த காலத்தில் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் வாசகசாலை என்பது ஓர் ஓட்டு அறை, ஒரு மேசை, ஒரே ஒரு பேப்பர். சாவி என்னிடம் இருக்கும். பிற்பகல் பஸ்ஸில் வரும் பேப்பரை நான் உரக்க வாசிப்பேன். ஆண்கள் தரையில் உட்கார்ந்து கேட்பார்கள், பெண்கள் ஜன்னலுக்கு வெளியே நிற்பார்கள். மலாயாத் தோட்டங்களுக்குப் போனவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர். என் தம்பியும் அங்கேதான் இருந்தான். ஜப்பான்காரன் நுழைந்ததிலிருந்து கடுதாசி நின்றுபோயிற்று. இனிச் சேதி வந்தால் அந்தப் பேப்பரில்தான் வர வேண்டும்.

அறையை மூடி, பருத்தி மூட்டை அடுக்கக் கொடுத்துவிடலாம் என்று பஞ்சாயத்து போர்டில் சிலர் கிளப்பிவிட்டார்கள். அங்கே ஈ, காக்கைகூட வருவதில்லையாம். நேரில் பார்க்க ஓர் அதிகாரி வருகிறார் என்று தெரிந்ததும், "அன்னைக்கு ஒருத்தர் உடாம வந்துருங்க" என்று வீடு வீடாகச் சொல்லி வைத்தேன். சொன்னபடியே வந்தார்கள். உட்கார இடமில்லை.

மலாயாவிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் சென்னைக்கு வந்த சேதியை அப்போதுதான் ஆரம்பித்திருந்தேன். வாசலில் கார் நின்றது. அவ்வளவுதான், அத்தனை பேரும் எழுந்து, தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, பின்வாசல் வழியாக வெளியே போய்விட்டார்கள். அதிகாரி நுழைந்தபோது நான் மட்டும் பேப்பரும் கையுமாக நின்றேன்.

"போர்டில் சொன்னது சரிதான்" என்றார்.

"எல்லாரும் வெளிய இருக்கறாங்க. உங்களுக்கு மரியாதை குடுத்து எந்திரிச்சுப் போயிட்டாங்க."

அவர் சிரித்தார். "கார் வந்தால் எந்த ஊரிலும் கூட்டம் கூடும். சாவியைக் கொடுங்கள்."

பின்வாசலுக்குப் போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு, "உள்ள வந்து உக்காருங்க" என்றேன்.

"அதெப்படீங்க சாமி? ஆபீசரு நிக்கறப்ப நாங்க உக்கார்ந்தா மருவாதியா இருக்குமுங்களா?" என்றார் முன்னால் நின்ற பண்ணையக்காரர். அவர் மரியாதையைத் தூக்கிக் குப்பையில் போட வேண்டும் போலிருந்தது.

சாவியை மேசைமேல் வைத்தேன். வேறு வழி தெரியவில்லை. பேப்பரை விரித்து, விட்ட இடத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினேன். கப்பலில் வந்தவர்கள் கட்டிய துணியோடு இறங்கினார்களாம். எங்கள் சேலம் ஜில்லாக்காரர்களும் இருந்தார்களாம்.

"எந்த ஊருங்களாமா?" என்று ஜன்னலில் ஒரு பெண் கேட்டார். அவர் மகன் என் தம்பியோடு கப்பலேறியவன்.

பெண்கள் யாரும் அந்த அறைக்குள் காலெடுத்து வைத்ததில்லை. அன்று அவர் வந்தார். அதிகாரியைத் தாண்டி வந்து, அவருக்கு முதுகைக் காட்டி என் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"நிறுத்தாத சாமி, படி."

அவர் பின்னாலேயே மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். பண்ணையக்காரர் கடைசியில் வந்து உட்கார்ந்தார். இடமில்லாமல் அதிகாரி சுவரோரம் ஒதுங்கினார். நான் முடிக்கும்வரை நின்றபடியே இருந்துவிட்டு, காரில் ஏறிப் போனார். சாவி மேசைமேலேயே கிடந்தது.

ஊர்ப் பெயர் எதுவும் அந்தச் சேதியில் இல்லை. மறுநாள் நான் கதவைத் திறக்கப் போனபோது, அந்தப் பெண் எனக்கு முன்பே வாசலில் உட்கார்ந்திருந்தார்.